ஒரு ஸ்மார்ட் டிவி, ஒரு ஓகே பட்டன்: விளம்பரத்தையும் கண்காணிப்பையும் நிறுத்திய நிகழ்வு ஆய்வு

பின்னணி

வீட்டில் மூவர்: எழுபதைக் கடந்த தந்தை, அவர் மனைவி, வேலைக்குப் போகும் மகள். தந்தைக்குப் பக்கவாதம் வந்து ஓராண்டு ஆகியிருந்தது. பேச்சு பெரும்பாலும் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் முழுதாகத் தேறவில்லை. ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் அழுத்துவார். அழுத்தினால் விரலை உடனே எடுக்க வராது.

வாரம் இருமுறை அவருக்கு இயன்முறைப் பயிற்சி வீடியோ அழைப்பில் நடக்கும். மகள் தன் லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளால் டிவியில் இணைத்துவிடுவார். மாதம் ஒருமுறை மருத்துவரும் அப்படியே பேசுவார். ஸ்கேன் படம், மருந்துப் பட்டியல், நடைப் பயிற்சியின் பதிவு எல்லாம் அந்தத் திரையில்தான் காட்டப்படும். மற்ற நேரங்களில் செட்டாப் பாக்ஸில் சேனல்கள், டிவியிலேயே உள்ள செயலிகளில் செய்தி, பழைய படங்கள்.

நெட்வொர்க் பராமரிப்பு என் தொழில். மகள் எனக்கு நண்பர். இதை எழுத மூவரும் சம்மதித்தார்கள். அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களையும் டிவியின் பிராண்டையும் விட்டுவிட்டேன்.

முதலில் கண்டது

மூன்று ஆண்டாக ஓடிக்கொண்டிருந்த டிவி அது. ஒரு மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகு முகப்புத் திரை மாறிவிட்டது. முன்பெல்லாம் டிவியைப் போட்டதும் செட்டாப் பாக்ஸின் ஐகான் மேல் கர்சர் நிற்கும். ஓகே அழுத்தினால் சேனல் வந்துவிடும். ஓராண்டாகத் தந்தையின் கட்டைவிரலுக்குப் பழகிய வரிசை அது. அப்டேட்டுக்குப் பிறகு திரையின் மேல்பாதியை ஒரு விளம்பரப் பட்டை எடுத்துக்கொண்டது. அதுவும் உடனே வராது. ஐகான்கள் முதலில் தோன்றும், சில நொடிகள் கழித்துப் பட்டை இறங்கும், கர்சர் அதன்மேல் போய் உட்காரும். அவர் ஐகானைப் பார்த்து அழுத்தத் தொடங்குவதற்கும் விளம்பரம் வந்து சேர்வதற்கும் நேரம் சரியாக இருக்கும்.

நான் போன அன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் ஏதோ ஒரு சந்தாப் பக்கம் திறந்தது. மூன்றாம் முறை ரிமோட்டைச் சோபாவில் வைத்துவிட்டு, "விடும்மா, அப்புறம் பாத்துக்கறேன்" என்றார். "டிவியைப் போட்டாலே இவருக்கு முகம் மாறிடுது" என்று அம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்.

மகள் கேட்டது ஒன்றைத்தான்: அந்த விளம்பரம் போக வேண்டும். கண்காணிப்பு பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் அப்போது அதை எடுக்கவில்லை. இந்த நிகழ்வில் நடந்த பெரும்பாலான பிசகு அங்கிருந்துதான் தொடங்கியது.

முதல் முடிவு: டிஎன்எஸ் வழியாகத் தடுப்பது

டிவியின் செட்டிங்ஸில் 'தனிப்பயன் விளம்பரங்கள்' என்று ஒரு தேர்வு இருந்தது. அணைத்தேன். பட்டை அப்படியே இருந்தது. அந்தத் தேர்வு விளம்பரத்தை நிறுத்துவதற்கானதல்ல. ஆளைப் பார்த்து விளம்பரம் தேர்வதை மட்டும் நிறுத்தும். மெனுவில் இன்னும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நெட்வொர்க் பக்கம் திரும்பினேன். அது எனக்குக் கைவந்த வேலை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

வீட்டு நெட்வொர்க்கில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை வைத்து அதில் பை-ஹோல் என்ற விளம்பரத் தடுப்பு மென்பொருளை நிறுவினேன். எந்தச் சாதனமும் ஒரு சர்வரைத் தொடர்புகொள்ளும் முன் அதன் பெயருக்குரிய ஐபி முகவரியை, அதாவது எண் முகவரியை, இணையத்தின் பெயர்ப் பட்டியலான டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். பை-ஹோல் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, தடைப் பட்டியலில் உள்ள பெயர்களுக்குச் செல்லாத முகவரியைத் திருப்பித் தரும். விளம்பரச் சர்வரைக் கண்டுபிடிக்க முடியாத டிவி அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடும்.

அன்று மாலையே பட்டை சாம்பல் நிறக் கட்டமானது. கர்சர் பழையபடி ஐகான் மேல் நின்றது. தந்தை ஒரே அழுத்தில் சேனலுக்குப் போனார். மகள் நன்றி சொன்னார். வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

சொல்லாமல் விட்ட இரண்டு நாள்

நாலாவது வாரம் வேறு ஏதோ பேச்சில் அம்மா சொன்னார்: இரண்டு நாளாக அவர் செய்தி பார்ப்பதில்லை. போய்ப் பார்த்தால், அவர் வழக்கமாகத் திறக்கும் செய்திச் செயலி முதல் திரையிலேயே சுற்றிக்கொண்டு நின்றது. தொடங்கும்போது அது ஒரு பயன்பாட்டு அளவீட்டுச் சர்வரைத் தேடுகிறது; தடைப் பட்டியல் புதுப்பிக்கப்பட்டபோது அந்தப் பெயரும் உள்ளே வந்துவிட்டது. ஒரே ஒரு பெயரை அனுமதித்ததும் செயலி திறந்தது.

தந்தை ஏன் சொல்லவில்லை என்று மகள் கேட்டார். "நான்தான் கை தவறி எதையோ அழுத்திட்டேன்னு நெனச்சேன்" என்றார்.

அந்தப் பதில் எனக்கு இன்றும் உறுத்துகிறது. அவர் டிவியில் நான் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன், அதனால் சில சமயம் ஏதாவது திறக்காமல் போகலாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. பேச்சு முழுவதும் எனக்கும் மகளுக்கும் இடையில் நடந்தது. தேறி வரும் ஒருவர், தன் உடல்தான் மறுபடி தவறிவிட்டது என்று இரண்டு நாள் நினைத்திருக்கிறார்.

பதிவேட்டில் தெரிந்தது

செயலியைச் சரிசெய்யப் பை-ஹோலின் பதிவேட்டைத் திறந்தபோதுதான் இரண்டாவது விஷயம் கண்ணில் பட்டது. டிவி கேட்ட பெயர்கள் அது அனுப்பும் தரவோடு ஒத்துப்போகாத அளவுக்குக் குறைவாக இருந்தன. ரவுட்டரின் இணைப்புப் பட்டியலைப் பார்த்தேன். டிவி சில பெயர்களை என் பை-ஹோலிடம் கேட்காமல், நேரே 8.8.8.8 என்ற பொது டிஎன்எஸ்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த முகவரி அதன் மென்பொருளிலேயே எழுதப்பட்டது. போதாததற்கு, ரவுட்டர் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை வழியாக இணையச் சேவையாளரின் டிஎன்எஸ்ஸையும் அறிவித்துக்கொண்டிருந்தது. அந்த வழியை நான் மூடவே இல்லை. முன்கதவுக்கு மட்டும் காவல் போட்டிருந்திருக்கிறேன்.

டிவியிலிருந்து டிஎன்எஸ் கேள்விகளுக்கான 53ஆம் போர்ட்டுக்குப் போகும் எல்லாவற்றையும் பை-ஹோலுக்கே திருப்பும்படி ஃபயர்வாலில் விதி எழுதினேன். மறையாக்கம் செய்த டிஎன்எஸ் பயன்படுத்தும் 853ஐ அடைத்தேன். ஐபிவி6 அறிவிப்பை மாற்றினேன். அதன் பிறகு பதிவேட்டில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. முழுப் பெயர் தேவையில்லை. நடுவில் ஏசிஆர் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தன.

ஏசிஆர் (ஆட்டோமேட்டிக் கன்டென்ட் ரெகக்னிஷன்) என்பது திரையில் ஓடுவது என்ன என்பதை டிவியே அடையாளம் காணும் நுட்பம். திரையில் தெரியும் படத்திலிருந்தோ ஒலியிலிருந்தோ சிறு மாதிரிகளை எடுத்து, கைரேகை போன்ற ஒரு சுருக்கக் குறியீடாக்கி, சர்வருக்கு அனுப்பும். அங்கே உள்ள பெருந்தொகுப்போடு ஒப்பிட்டு, எந்த நிகழ்ச்சி, எந்த விளம்பரம், எந்த நிமிடம் என்று குறித்துக்கொள்வார்கள். இது புதிய விஷயமும் அல்ல. அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் பார்வையாளரின் சம்மதமின்றி இப்படித் தரவு திரட்டியதாக அந்நாட்டு வர்த்தக ஆணையமும் நியூ ஜெர்சி மாநிலமும் வழக்குத் தொடுத்தன. 2017 பிப்ரவரியில் அந்நிறுவனம் 22 லட்சம் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது. கேபிள், டிவிடி, ஆன்டெனா என எந்த வழியில் வந்த படமானாலும் நொடிக்கு நொடி பதிவானது என்பது அந்த வழக்கின் மையக் குற்றச்சாட்டு.

நான்கு வகைச் சோதனை

ஊகத்தில் நிற்க வேண்டாம் என்று ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தோம். ஏசிஆர் பெயரைத் தற்காலிகமாக அனுமதித்துவிட்டு, டிவியை நான்கு நிலைகளில் தலா முக்கால் மணி நேரம் ஓட்டினோம்: வெறும் முகப்புத் திரை, செட்டாப் பாக்ஸ், டிவியிலுள்ள ஒரு படச் செயலி, எச்டிஎம்ஐயில் லேப்டாப். ரவுட்டரில் டிவியிலிருந்து வெளியே போவதை மட்டும் மகள் ஒரு தாளில் நேரத்தோடு குறித்தார்.

முகப்பில் எப்போதாவது ஒருமுறை. படச் செயலியில் அந்தச் சர்வருக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. செட்டாப் பாக்ஸ் ஓடும்போது நிமிடத்துக்கு ஒருமுறை, கடிகாரம் அடிப்பதுபோல ஒரு சிறு தரவுப் பொதி. லேப்டாப்பை இணைத்ததும் மகள் நேரம் எழுதிக்கொண்டே வந்தார்: 4.12, 4.13, 4.14. ஏழெட்டு வரிக்குப் பிறகு பேனாவை வைத்துவிட்டார். "அப்ப டாக்டர் பேசும்போதும் இப்படித்தான் போயிருக்கு, இல்ல?"

ஆம் என்றுதான் சொல்ல முடிந்தது. அதோடு தெரிந்த வரம்பையும் சொன்னேன். போவது படம் அல்ல, குறியீடு. ஒப்பிடத் தொகுப்பில் இல்லாத ஒரு தனி உரையாடலின் குறியீடு எதனோடும் பொருந்தாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். மருத்துவர் சொன்னதை எவரும் கேட்டார்கள் என்பதற்கு எங்களிடம் எந்தச் சான்றும் இல்லை. மருந்து விளம்பரம் அதிகமாக வருவதாக அம்மா நினைத்தார். அதையும் இதனோடு முடிச்சுப் போட எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் மகளின் நிலை தெளிவாக இருந்தது. பொருந்துமா பொருந்தாதா என்பது அவருக்குப் பொருட்டல்ல. அப்பாவின் ஸ்கேன் திரையில் இருக்கும்போது அந்தத் திரையிலிருந்து எதுவுமே வெளியே போகக் கூடாது. அவர் கேட்பது நியாயம் என்றே எனக்குப் பட்டது.

எங்கள் தாளில் இருந்த வடிவம் எங்கள் டிவிக்கு மட்டும் உரியதல்ல. லண்டன், கலிஃபோர்னியா, மாட்ரிட் ஆய்வாளர்கள் சேர்ந்து 2024இல் சாம்சங், எல்ஜி டிவிகளை அளந்து வெளியிட்ட ஆய்விலும் இதுவே தெரிகிறது: எச்டிஎம்ஐ வழியே வெறும் திரையாகப் பயன்படுத்தும்போதும் ஏசிஆர் இயங்குகிறது. நெட்ஃபிளிக்ஸ் போன்ற பிறருடைய செயலிக்குள் இருக்கும்போது இயங்குவதில்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: செட்டிங்ஸில் மறுத்துவிட்டால் அந்தப் போக்குவரத்து நின்றுவிடுகிறது. முதல் நாளே நான் செய்திருக்க வேண்டியது அதுதான்.

இரண்டாம் முடிவு: டிவியிலேயே மறுப்பது

ஏசிஆர் பெயரை மறுபடி தடுத்தபோது டிவி ஓயவில்லை. சில நொடிக்கொருமுறை அதே பெயரைக் கேட்டுப் பதிவேட்டை நிரப்பியது. வெளியே போக வழியில்லையே தவிர, உள்ளே குறியீடு எடுக்கும் வேலை நடந்துகொண்டே இருந்திருக்கலாம். நாளை அப்டேட்டில் சர்வரின் பெயர் மாறினால் என் தடை பயனற்றது.

ஆகவே மெனுவுக்குப் போனோம். ஏசிஆர் என்ற சொல் எங்கும் இல்லை. பொது அமைப்புகள், அதற்குள் தனியுரிமை, அதற்குள் ஒப்பந்தங்கள், அதற்குள் நான்காவது வரியில் ஒரு இனிய பெயர். திறந்தால் நீண்ட உரை, அதன் அடியில் ஒரு டிக். இந்தப் பெயர்கள் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். சாம்சங்கில் 'வியூவிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்', விசியோவில் 'வியூவிங் டேட்டா', ரோக்குவில் 'யூஸ் இன்ஃபோ ஃப்ரம் டிவி இன்புட்ஸ்'. சேவையைப் போலவோ வசதியைப் போலவோதான் பெயர் இருக்கும்.

டிக்கை எடுத்தோம். குரல் அறிதல் ஒப்பந்தத்தையும் விலக்கினோம். தந்தை அதைப் பயன்படுத்தியதே இல்லை. விளம்பர அடையாள எண்ணை அழித்துப் புதிதாக்கினோம். ரவுட்டரில் அந்த நிமிடப் பொதி அன்றே நின்றது. லேப்டாப்பை வைத்து மறுபடி சோதித்தோம். மகளின் தாள் காலியாகவே இருந்தது.

இந்த முறை தந்தையிடமும் உட்கார்ந்து சொன்னோம். முழுவதும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதை எப்ப ஆன் பண்ணினோம்?" டிவி வாங்கிய நாளில், அமைக்க வந்தவர் வரிசையாக 'ஏற்கிறேன்' அழுத்தியது மகளுக்கு நினைவிருந்தது.

அப்டேட்டும் மீண்டும் சம்மதமும்

மூன்றாம் மாதம் மாதாந்திரச் சோதனையில் நிமிடப் பொதி திரும்பியிருந்தது. சர்வர் பெயர் வேறு. தடைப் பட்டியலில் இல்லாதது. பதிவேட்டைப் பின்னோக்கிப் பார்த்ததில் ஒன்பது நாளாக நடந்திருக்கிறது. அந்த ஒன்பது நாளில் மூன்று பயிற்சி அமர்வுகள்.

இரவில் ஒரு அப்டேட் வந்திருக்கிறது. காலையில் டிவியைப் போட்டதும் புதிய ஒப்பந்தத் திரை. நிறமிட்ட பெரிய பட்டனில் 'அனைத்தையும் ஏற்கிறேன்', கர்சர் அதன்மேல். மறுக்க வேண்டுமானால் கீழே இறங்கி, வலப்புறம் நகர்ந்து, இன்னொரு பக்கம் திறந்து, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். தந்தை வழக்கம்போல ஓகே அழுத்தியிருக்கிறார். விளம்பரப் பட்டை எந்த விரலைப் பிடித்ததோ அதே விரலை இதுவும் பிடித்திருக்கிறது. ஒரே அழுத்தில் கிடைப்பதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறார்கள். அவர் கைக்கு மறுப்பு ஏழு அழுத்துக்கு அப்பால் இருந்தது. இதை நான் வடிவமைப்புக் குறைபாடு என்று மென்மையாகச் சொல்லத் தயாரில்லை. இது அநியாயம்.

மூன்றாம் முடிவு: டிவியை நெட்வொர்க்கிலிருந்து எடுப்பது

மறுபடி டிக்கை எடுத்துவிட்டு, அப்டேட்டை நிறுத்திவைக்கலாம் என்பது ஒரு வழி. இணைப்பு இருக்கும் வரை பாதுகாப்புத் திருத்தங்களையும் சேர்த்து நிறுத்துவது சரியல்ல என்பதால் அதை விட்டோம். அப்டேட் வந்தால் மறுபடி இதே திரை. எனவே டிவியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டு, அமைக்கும்போது வை-ஃபை கடவுச்சொல்லைக் கொடுக்காமல், கட்டாயமற்ற ஒப்பந்தங்களை எல்லாம் மறுத்து, வெறும் திரையாக விட்டோம். செயலிகளுக்காகத் தனி ஸ்ட்ரீமிங் பெட்டி ஒன்றை எச்டிஎம்ஐயில் இணைத்தோம்.

பெட்டி மட்டும் யோக்கியமா என்று மகள் கேட்டார். இல்லை. 2019இல் பிரின்ஸ்டன், சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தபோது ரோக்கு பெட்டியின் சேனல்களில், அதாவது செயலிகளில், 69 விழுக்காட்டிலும், அமேசான் ஃபயர் டிவி சேனல்களில் 89 விழுக்காட்டிலும் கண்காணிப்பு நிரல்கள் இருந்தன. பெட்டிக்குப் பை-ஹோல் தொடர்ந்து தேவை. ஆனால் வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. பெட்டி தன் வழியாக ஓடுவதை மட்டுமே பார்க்க முடியும். டிவி, எந்தக் கேபிளில் எது வந்தாலும் பார்க்க முடியும். லேப்டாப் இன்னொரு எச்டிஎம்ஐ துளையில் இருக்கும் வரை, மருத்துவர் பேசுவது பெட்டிக்குத் தெரிய வழியில்லை. டிவிக்குத் தெரிந்தாலும் வெளியே சொல்ல வழியில்லை.

இரண்டு ரிமோட் என்பது தந்தைக்கு ஆகாது. எச்டிஎம்ஐயிலுள்ள சிஇசி வசதியை இயக்கியதும் பெட்டியின் சிறிய ரிமோட்டே டிவியைப் போடவும் ஒலியைக் கூட்டவும் பயன்பட்டது. பட்டன்கள் குறைவு, இடைவெளி அதிகம். செட்டாப் பாக்ஸுக்கு மாற மட்டும் இன்னும் பழைய ரிமோட் வேண்டும். அதில் தேவையில்லாத பட்டன்கள் மேல் அம்மா தடித்த ஒட்டுத்தாள் ஒட்டினார்.

பின்விளைவு

அதற்குப் பிந்தைய இரண்டு மாதங்களில் டிவியிலிருந்து ரவுட்டருக்கு ஒரு பொதியும் வரவில்லை. முகப்பில் விளம்பரம் இல்லை.

எல்லாம் நின்றுவிடவில்லை. படச் செயலிகளின் நடுவே வரும் விளம்பரம் வந்துகொண்டுதான் இருக்கிறது. படமும் விளம்பரமும் ஒரே சர்வரிலிருந்து வரும்போது டிஎன்எஸ்ஸால் பிரிக்க முடியாது. ஒவ்வொரு செயலியும் தன்னுள் பார்த்ததைக் குறித்துவைக்கவும் செய்யும். விளம்பரமில்லாச் சந்தா எடுக்கலாமா என்று மகள் கேட்டதற்குத் தந்தை வேண்டாம் என்றார். "அது தானா வந்து தானா போயிடுது. என் கையப் புடிச்சு இழுக்கல."

ஏற்கெனவே போன தரவுக்காக உற்பத்தியாளரின் தனியுரிமைப் படிவத்தில் நகலும் நீக்கமும் கேட்டு மகள் எழுதினார். பெற்றுக்கொண்டோம் என்ற தானியங்கிப் பதில் மட்டும் வந்திருக்கிறது. நினைவூட்டல் அனுப்பியிருக்கிறோம்.

மறுபடி செய்தால்

முதல் நாளே ஒப்பந்தப் பக்கங்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். டிஎன்எஸ் தடுப்பு அதற்கு அடுத்தது. விளம்பரம் மறைந்ததை வேலை முடிந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த நான்கு வாரமும் சாம்பல் கட்டத்தைப் பார்த்து நாங்கள் நிம்மதியாக இருந்தோம், பொதி போய்க்கொண்டிருந்தது. எச்டிஎம்ஐயில் ஒரு சாதனத்தை இணைத்து ஓட்டி ரவுட்டரைப் பார்க்கும் சோதனையை முதல் வாரத்திலேயே வைப்பேன்; தடுப்புக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. ஐபிவி6ஐ மறக்க மாட்டேன்.

அந்த வீட்டில் மருத்துவ உரையாடல் அந்தத் திரையில் நடக்கிறது என்பது எனக்கு முதல் நாளே தெரியும். அது தெரிந்த பிறகு, டிவியை இணையத்தில் விட்டுவைக்கும் யோசனையையே எடுத்திருக்கக் கூடாது. அப்படி ஒரு தேவை இல்லாத வீட்டில் செட்டிங்ஸ் மறுப்பும் மாதம் ஒருமுறை பார்வையும் போதும் என்றே இன்னும் நினைக்கிறேன்.

மாற்றம் எதுவானாலும் முதலில் தந்தையிடம்தான் சொல்வேன். டிவியைப் போட்டதும் இப்போது 'இணைய இணைப்பு இல்லை' என்று ஒரு அறிவிப்பு சில நொடி வந்து மறைகிறது. அது பிழை அல்ல, நாம் செய்தது என்று அவருக்குத் தெரியும். ரிமோட்டைத் தொடாமல், அது மறையும் வரை காத்திருக்கிறார்.